பிரிக்கக் கூடாத மட்டைகள்

பியோ மான்சு தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை. மீன் என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். தர்ப்பூசணி என்றால் தட்டிப் பார்ப்பார், விலை அதிகம் சொன்னால் கடைக்காரனையும் தட்டுவது போலப் பார்ப்பார். கார் வாங்கப் போன இடத்தில் வண்டிக்கு அடியில் படுத்து மோந்து பார்த்தவர். கொரியாவின் போஹாங் துறைமுகச் சந்தைக்குள் அடுத்தவன் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, இன்று கணவாய்க்கும் காய்ந்த மீனுக்கும் சொந்தக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது அத்தனையும் அந்தப் பத்து விரல்களின் சம்பாத்தியம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் ஒருத்தி சொல்கிறாள், "கோல்ஃப் மட்டையைப் பிரிச்சுப் பாக்கக் கூடாது." கொதிக்குமா, கொதிக்காதா?

கொதித்தும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிவிட்டது.

அதுவரை மான்சு ஆடியதெல்லாம் திரை கோல்ஃப் கூடத்தின் நாலு சுவருக்குள், திரையில் தெரியும் புல்வெளியை நோக்கி, அந்தக் கூடத்து மட்டையால். ஞாயிற்றுக்கிழமைதான் நிஜப் புல்லில் கால் வைக்கப் போகிறார். முதல் முறை அப்படி ஆடுவதை அந்த ஊரில் கொண்டை போடுவது என்பார்கள். மான்சுவின் தலையில் கொண்டைக்கு வழியில்லை, அது வேறு விஷயம். அழைத்துப் போகிறவன் எதிர்க்கடை நெத்திலி வியாபாரி தக் சாங்போ. கூட இன்னும் இரண்டு பேர். ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். நாள் குறித்தபின் வராமல் இருக்க ஒரே ஒரு காரணம்தான் செல்லும், சொந்தச் சாவு. மாமியார் சாவுகூடச் செல்லாது.

நாள் குறித்த அன்றே சாங்போ சந்தை நடுவில் நின்று கேட்டான்.

"அண்ணே, நீங்க அங்க வாடகை மட்டைதானே எடுப்பீங்க?"

"வாடகை மட்டைய உன் பாட்டன் எடுப்பான். என் மட்டை என் வீட்டுல இருந்து வரும்."

சொல்லிவிட்டார். சந்தையே கேட்டது. ஆனால் மட்டை எங்கே?

ஊரில் இருந்தது இரண்டு கடை. முதல் கடையில் மத்தியானம் பூரா வலைக்குள் பந்தடித்துப் பார்த்துவிட்டு, பாதி விலைக்குக் கேட்டார். இரண்டாவது கடையில் அதே பாதி விலை, கூடவே ஒரு பை, ஒரு குடை, அந்தக் குடைக்கு ஓர் உறை. வார்த்தை தடித்தது. இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். நான் வருவதாகவும் இல்லை என்று கதவை அறைந்து சாத்தப் போனார். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. அதை எப்படி அறைவது? அந்தக் கடுப்பு வேறு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில், பாட்டு வகுப்பு முடிந்து வந்த மனைவி தோக்சிம், வழக்கம்போல மகள் பேரை வைத்து அவரைக் கூப்பிட்டு ஆரம்பித்தாள்.

"யேரின் அப்பா, மட்டை கிட்டை வாங்குற நெனப்பிருந்தா இப்பவே விட்டுடுங்க."

"நான் வாங்குறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இந்தப் பக்கத்துல ஒருத்தி புது செட் ஒண்ண போன்ல போட்டு விக்கிறாளாம். விலையில ஒரு காசு குறைக்க மாட்டேங்கிறாளாம். சாங்போவே பேசிப் பாத்துட்டுத் திரும்பிட்டாராம். அவராலயே முடியல."

"அவனாலயேன்னா என்ன அர்த்தம்?"

"கிம்சி எடுத்துக்கோங்க."

"அவனாலயேன்னா என்ன அர்த்தம்னு கேட்டேன்."

"ஒண்ணும் இல்ல. நீங்க வாங்க வேணாம், அவ்வளவுதான். என் பேச்சை ஒரு தடவையாவது கேளுங்க."

மான்சு அந்தப் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டார்? விடியும்போதே அந்த விற்பனைக்காரியைக் கண்டுபிடித்துவிட்டார். கணவாயை அலசிக்கொண்டே போனில் பேசினார், ஐஸ் உடைத்துக்கொண்டே பேசினார். கெஞ்சினார், மிரட்டினார், வேண்டாம் என்று வைத்தார், உடனே தானே கூப்பிட்டார். தன் முதுகுவலியைச் சொன்னார். இல்லாத தங்கையின் கல்யாணத்தைச் சொன்னார். சாயங்காலம் அந்தப் பெண் களைத்துப்போய் மூன்றில் ஒரு பங்கு குறைத்தாள்.

வங்கி வாசலில் சந்திப்பு. அகலத் தொப்பி, முகத்தில் முகமூடி, கண் மட்டும் தெரிகிற ஒரு பெண். பக்கத்தில் மட்டைப் பை. உள்ளே ஒவ்வொரு மட்டையும் தலையிலிருந்து பிடிவரை தாள் சுற்றி ஒட்டியிருந்தது, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கால் மாதிரி.

"ஒண்ணே ஒண்ணப் பிரிங்க."

"பிரிச்சா பழசு."

"ஒரு வீச்சு வீசிப் பாக்குறேன். காத்துலதான். பந்துகூட வேணாம்."

"முட்டை வாங்கப் போனா உடைச்சுப் பாத்துத்தான் வாங்குவீங்களா?"

"நான் மீன்காரன்மா. செவுள் பாக்காம வாங்க மாட்டேன்."

"மீன் விலைக்குத்தானே கேட்டீங்க? குடுத்தாச்சு. இந்த விலைக்குப் பிரிக்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. வேணாம்னா சொல்லிடுங்க, நெத்திலிக்காரர் ஒருத்தர் காலையிலேர்ந்து போன் பண்றார்."

நெத்திலி என்ற சொல் காதில் விழுந்ததும் மான்சுவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பத்து விரலும் சரக்கைத் தொடாமல் பணத்தை மட்டும் தொட்டன.

அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால் பிரித்தார். கனம் சரி. பிடி சரி. பளபளப்பைச் சொல்லவே வேண்டாம். காலை அகட்டி நின்றார். மட்டையின் முகம் பந்து இருக்க வேண்டிய பக்கத்தைப் பார்க்காமல், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. அதைத் திருப்பினார். அதன் மூக்கு அவர் முழங்காலைக் குத்தியது. இன்னொன்றைப் பிரித்தார். அதுவும் சம்பந்தி. எல்லாவற்றையும் பிரித்தார். மொத்தக் குடும்பமும் கோபித்துக்கொண்டுதான் வந்திருந்தது.

போன் போட்டார்.

"ஏம்மா, இது பீச்சாங்கை மட்டை."

"ஆமா."

"ஆமாவா? சொல்ல வேணாமா?"

"நீங்க கேக்கவே இல்லையே. விலைய மட்டும்தானே கேட்டீங்க."

"இந்த நாட்டுல எவன் இடக்கையால ஆடுறான்?"

"அதனாலதான் இறங்கி வந்தேன்." வைத்துவிட்டாள்.

மான்சு தூணை ஓர் உதை விட்டார். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைக் காலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பழைய பாட்டில்களைக் கொட்ட வந்த தோக்சிம் எதிரே நின்றாள்.

"யேரின் அப்பா, தூணோட என்ன சண்டை? அது என்ன, மட்டையா?"

மீன்காரன் மூளை. கெட்டுப்போகிற சரக்கை நொடியில் தள்ளிவிடத் தெரிந்த மூளை. காலைக் கீழே வைப்பதற்குள் அது வேலை செய்துவிட்டது.

"உனக்குத்தான்."

"எனக்கா?"

"பிடிச்சுப் பாரு. இடக்கை மட்டை. நீ கணவாயை எந்தக் கையால கீறுற? இத்தனை வருஷமா பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருக்கேன். நான் குருடனா?"

தோக்சிம் பாட்டில்களைக் கீழே வைத்தாள். மட்டையைக் கையில் வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாண மோதிரம் வாங்கினப்பகூட என் விரலை அளவெடுக்கல நீங்க."

"முரடன்னு பேரு. மனசு யாருக்குத் தெரியுது?"

மின்தூக்கியில் ஏறும்போது மான்சு சீட்டியடித்தார். தப்பித்தாயிற்று. மனைவியின் கண்ணில் மண்ணைத் தூவி, அவள் கண்ணீரையும் வாங்கியாயிற்று. வீடு வந்து சோற்றில் கரண்டி வைத்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நானே போறேன்" என்றாள் தோக்சிம்.

"எங்க?"

"கொண்டை போட. எனக்குன்னு ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க, பூட்டியா வைக்கிறது? நாலு பேர் வேணும்ல. நீங்க எதை வெச்சு ஆடுவீங்க?"

"அங்கயே ஒண்ணு எடுத்துக்..."

"வாடகை மட்டையா? சந்தை நடுவுல அவ்வளவு பேசிட்டா? சாங்போ முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"உனக்கு ஆடத் தெரியுமாடி?"

"நாலு பந்து தொலையும். தொலையட்டும். நீங்க எனக்காகத்தானே வாங்கினீங்க?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை மான்சு கடையில் இருந்தார். ஆனால் தலை குனிந்தாரா? குனிவாரா அவர்? "என்ன அண்ணே, மைதானத்துக்குப் போகல?" என்று கேட்டவனையெல்லாம் பிடித்து நிறுத்தினார்.

"நான் போகலடா. என் பொண்டாட்டியை அனுப்பியிருக்கேன். அவ கைக்கு ஏத்த மட்டையா தேடிப் பிடிச்சு வாங்கிக் குடுத்திருக்கேன். உனக்குத் துப்பிருக்கா?"

சந்தைப் பெண்கள் அவரை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். தங்கள் புருஷன்களை வேறு மாதிரி பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் மான்சுவே அதை நம்பிவிட்டார். அப்போது சாங்போ மைதானத்திலிருந்து போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, அண்ணி என்னை அடிச்சுத் துவைச்சுட்டாங்க. யாரு சொல்லிக் குடுத்தது?"

"வேற யாரு? நான்தான்."

"இடக்கை மட்டை எங்கதான் கிடைச்சுது? இப்படி ஒண்ணு விலைக்கு வந்ததே எனக்குத் தெரியாதே."

"உனக்கு என்னதான் தெரியும்?" என்று வைத்துவிட்டார். வைத்தபின்தான் மண்டைக்குள் என்னவோ முள் மாதிரி உறுத்தியது. வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள், முள்ளை மறந்தார்.

சாயங்காலம் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. தோக்சிம் வெயிலில் கன்றிய முகத்தோடு இறங்கினாள். காரை ஓட்டி வந்த பெண்ணும் இறங்கினாள். அகலத் தொப்பி. இன்று முகமூடி இல்லை. குரல் வந்ததும் மான்சு கையிலிருந்த கத்தியை வைத்தார்.

"வணக்கம் அண்ணே. நான் மிபோக். பந்தடிக்கிற பயிற்சிக் கூடம் வெச்சிருக்கேன். அக்கா பாட்டு வகுப்புக்கு வர்றாங்கல்ல, அதுக்கு எதிர்லயே."

"நீ போறது வகுப்புக்கா, எதிர்லயா?" என்று மான்சு மனைவியைப் பார்த்தார்.

"எதிர்லதான் காத்தோட்டமா இருக்கு" என்றாள் தோக்சிம்.

மிபோக் மரியாதையாகக் குனிந்தாள்.

"பனிக்காலம் பூரா என் பழைய மட்டையாலதான் அக்கா அடிச்சுப் பழகினாங்க. இந்தப் புது செட்டைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான்தான் ஒரு காசு குறைக்கல. கடைசியில, 'இரு, பேரம் பேச எங்க வீட்டுல ஒரு ஆள் இருக்கு, வாங்காதேன்னு சொல்லி அனுப்பி வைக்கிறேன்'னாங்க."

மான்சு தன் பத்து விரலையும் ஒரு தடவை விரித்துப் பார்த்தார்.

"பாவங்க, உங்களால அவளுக்கு நல்ல நஷ்டம்" என்றாள் தோக்சிம், மட்டைப் பையை அவர் தோளில் மாட்டிவிட்டு. "பெரிய கணவாயா ரெண்டு கட்டிக் குடுங்க. காசு கேக்காதீங்க."