ஒயர் சொருகாமல் போட்ட ஒரு ஸ்டார்

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆரணியில் புத்தம்புது எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை வாங்கி, அதற்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, குறைகளை வரிசையாகச் சொல்லி வீடியோவும் எடுத்து நெட்டில் ஏற்றியவன் நான்தான். ஊரில் இந்தக் கதை நாலைந்து விதமாக ஓடுகிறது. எல்லாவற்றிலும் நான்தான் முட்டாள். இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதில் பாதிப் பங்கு அந்தக் கிடார் கம்பெனிக்கு உண்டு. அதை யாராவது எழுதிவைக்க வேண்டும். வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் தொழில் பட்டுப்புடவை. நெசவாளர்களிடம் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்து வாங்கி, வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு முன்ஹாலில் பாய் விரித்துவிட்டால், ஒவ்வொருத்தராகப் புடவையை மடிப்போடு கொண்டுவந்து வைப்பார்கள். நான் மடிப்புக்குள் கையை விடுவேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை ஒரு தேய்ப்பு. நல்லதென்றால் வலது பக்கம். குறையென்றால் இடது பக்கம், செகண்ட்ஸ். முழுசாக விரித்துப் பார்ப்பதெல்லாம் கடைக்கு வருகிற கல்யாண வீட்டுக்காரர்கள் வேலை; எனக்கு அது கௌரவக் குறைச்சல் என்று வைத்திருந்தேன். (அப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்த கௌரவம்.)

என் கை சொன்னால் சொன்னதுதான். நெய்தவரே முணுமுணுத்துக்கொண்டாவது எழுந்து போவார். கடைக்காரர்களும் "ராஜவேலு கை பட்ட மால்" என்றால் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. என் பிழைப்பு மொத்தமும் அந்த ரெண்டு விரலில்தான் நின்றுகொண்டிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கிடார் ஆசை பள்ளிக்கூடக் காலத்தில் வந்தது. ஆடித் திருவிழாவுக்கு வேலூரிலிருந்து ஒரு இன்னிசைக் குழு வந்திருந்தது. பாடுகிறவர் வியர்த்து வழிந்து பாடுகிறார், டிரம்ஸ்காரர் உயிரைக் கொடுத்து அடிக்கிறார், ஓரத்தில் ஒருத்தர் சிவப்புக் கிடாரை மாட்டிக்கொண்டு எனக்கென்ன என்று நிற்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் அவரைத்தான் பார்த்தார்கள். உழைக்காமல் கிடைக்கிற இந்த மாதிரி மரியாதை என்னை ரொம்பவும் கவர்ந்தது. அதற்குப் பிறகு தொழில், கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் எல்லாம் முடிந்து என் முறை வரும்போது தலையில் பாதி நரைத்துவிட்டது.

மனைவி மல்லிகாவிடம் சொன்னேன். "சுகர் மாத்திரைய வேளைக்குப் போட மாட்டேங்கறீங்க, கிடாரு வேளைக்கு வாசிக்கப் போறீங்களா?" என்றாள். சென்னையில் வேலை பார்க்கிற எங்கள் மகள் நித்யாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் இருக்கிற மாலுக்கெல்லாம் தரம் சொல்கிறவன் நான். ஒரு பொருளைப் பார்த்து வாங்க எனக்கு மகள் யோசனை சொல்ல வேண்டுமா? போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒன்றை எடுத்தேன். கலர் மட்டும்தான் பார்த்தேன். புடவைக்காரன் வேறு எதைப் பார்ப்பான்?

அது வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஹால் நிறைய ஆள். அப்போது என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தனசேகர். நல்ல நெசவாளி, கொஞ்சம் ரோஷக்காரர். அரக்குக் கலரில், மாம்பழக் கலர் பார்டர் போட்ட புடவை ஒன்று கொண்டுவந்திருந்தார். மடிப்புக்குள் கையை விட்டேன். விரலில் ஒரு கோடு தட்டியது.

"தனசேகர், இங்க கோடு விழுந்துகீது. செகண்ட்ஸ்ல வெய்."

"மடிப்புல பாத்தா எதுவும் கோடாட்டந்தான் தெரியும். விரிச்சிப் பாருங்கண்ணே."

"என் கை பாத்துடிச்சி."

அவர் வாயைத் திறப்பதற்குள் கூரியர்காரர் நீளமான பெட்டியோடு வாசலில் நின்றார். புடவையை இடது பக்கம் போட்டுவிட்டு எழுந்தேன்.

பெட்டியை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரை இல்லை. ஆனால் ஹாலில் அவ்வளவு பேர் இருக்கும்போது உள்ளே கொண்டுபோக யாருக்கு மனசு வரும்? எல்லோர் முன்னாலும் பிரித்தேன். சிவப்பைப் பார்த்ததும் ஹாலே வாயைப் பிளந்தது. ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே நிமிஷம், நான் அந்தத் திருவிழா மேடையில் நின்றேன்.

பிறகு தரம் பார்க்க உட்கார்ந்தேன்.

கிடார் என்றால் வயிற்றில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இதில் ஓட்டையே இல்லை, அடைத்துவைத்த பலகை. கனமோ, தூக்கினால் தோள் இறங்குகிறது. கம்பி ஆறு. ஆறும் ஆறு தடிமன். மூன்று கம்பியில் மேலே மெல்லிசாக இன்னொரு கம்பி சுற்றி, அசல் ஜரிகை மாதிரி இருக்கிறது. மீதி மூன்றும் வெறும் கம்பி. பாதியில் சரக்குத் தீர்ந்துபோய், கையில் கிடைத்ததைக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் ஒருத்தர் இப்படி ஒரு இழை தடிசும் ஒரு இழை மெலிசுமாகப் பாவு போட்டால் தெருவே சிரிக்கும்.

தட்டிப் பார்த்தேன். கொசு தூக்கத்தில் முனகுவது போல ஒரு சத்தம். பக்கத்து வீட்டில் சம்பந்தத்தின் விசைத்தறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்ததில் அதுவும் காணாமல் போயிற்று.

"எலெக்ட்ரிக் இல்லியாண்ணே, சார்ஜ் போடணுமோ இன்னாவோ" என்றார் தனசேகர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று அப்போது நம்பினேன். பெட்டிக்குள் தேடினேன். ஒரு ஒயர் கிடைத்தது. அதன் ரெண்டு முனையிலும் ஒரே மாதிரி தடித்த பின். ஒரு முனை கிடாரின் விலாவில் இருந்த ஓட்டையில் கச்சிதமாகப் போனது. இன்னொரு முனை எங்கள் வீட்டில் எந்தப் பிளக் பாயிண்டிலும் போகவில்லை. ஹால், சமையல்கட்டு, பாத்ரூம் ஹீட்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், ரெண்டு பக்கமும் ஒரே முனை வைத்த ஒயரில் கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

(இந்தக் கேள்விக்கு விடை இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அது ரொம்ப நியாயமான கேள்வி.)

திரும்பி வந்து, ஹாலுக்கே கேட்கும்படி தீர்ப்புச் சொன்னேன்: செகண்ட்ஸ். அதோடு விட்டேனா? தனசேகரின் கையில் என் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். கிடாரை மடியில் கிடத்தி, புடவையைக் காட்டுகிற மாதிரியே ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டி, வாங்குகிறவர்கள் ஏமாறக்கூடாது என்று விளக்கிப் பேசினேன். வயிறு அடைப்பு. கம்பி கலப்படம். ஒயர் தப்பாகச் செய்தது. சத்தம் சுத்தமாக இல்லை. கடைசியில் கிடாரின் கழுத்தைத் தடவி, "பாலிஷ் மட்டும் பரவாயில்லை" என்றேன். அந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பாலிஷுக்காகத்தான் ஒரு ஸ்டார்.

மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. "அன்புள்ள வாடிக்கையாளரே, கிடாரை ஆம்ப்ளிஃபையருடன் இணைத்து வாசிக்கவும். ஆம்ப்ளிஃபையர் தனியாக வாங்க வேண்டும்." கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

அந்தப் பொம்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தனியாக வாங்க வேண்டும் என்றால் அதைப் பெட்டி மேலே கொட்டை எழுத்தில் போட வேண்டாமா? நாங்கள் புடவை நெய்கிற ஊர். ரவிக்கைத் துணியையும் புடவையோடு சேர்த்தே நெய்து கொடுக்கிறோம். புடவையை விற்றுவிட்டு, "ரவிக்கை தனியாக, வேறு கடையில்" என்று சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்பினால் எங்களை விட்டுவைப்பார்களா? இதை அப்படியே பதிலாக எழுதினேன். நியாயமான பதில். அதுதான் என்னை ஒழித்தது. வீடியோவைப் பார்க்காதவர்கள்கூட இந்த ரவிக்கைப் பதிலுக்காகத் தேடிப்பிடித்து வீடியோவைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நித்யா போன் செய்தாள். அவள் ஆபீசில் யாரோ சிரிப்பதற்காக அனுப்பியிருக்கிறார்கள்.

"அப்பா, அந்தச் சட்டையோட எதுக்குப்பா வீடியோ எடுத்த?"

வீடியோவில் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது, யாருக்கும் அடையாளம் தெரியாது என்றேன். சட்டையை அவளுக்குத் தெரியும், அவள்தான் வாங்கிக்கொடுத்தாள் என்றாள். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது ஒரு ஆள் சிரிப்பாகத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. பாய் விரித்தாயிற்று. எல்லோரும் வந்தார்கள். ஒருத்தரும் கிடாரைப் பற்றிப் பேசவில்லை. அவ்வளவு மரியாதை அந்த ஹாலில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. நாலாவது புடவையில் கையை விட்டேன், இழுப்பு சரியில்லை என்று இடது பக்கம் தூக்கினேன். பின்வரிசையிலிருந்து தனசேகரின் குரல், ரொம்பத் தணிவாக வந்தது.

"ஒயரு சொருகிப் பாத்தீங்களாண்ணே?"

ஹால் வெடித்தது. கண்ணமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்ட ஆள்கூட உட்கார்ந்து சிரித்தார். இடது பக்கம் நான் போட்ட புடவையை நெய்தவர் தைரியமாக எடுத்து வலது பக்கம் வைத்தார். இத்தனை வருஷம் சம்பாதித்த கை, ஒரு ஒயரில் போயிற்று.

அன்று இரவு சாப்பிடும்போது மல்லிகாவிடம் புலம்பினேன். இனிமேல் எவன் என் பேச்சைக் கேட்பான், கடைக்காரர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்றேன். "கிடாரு நல்லா வாசிச்சிக் காட்டுங்க, வாயை மூடிடுவாங்க" என்றாள். அவள் அதைத் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

நித்யா ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சின்னப் பெட்டி மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையரை வாங்கிக்கொண்டு வந்தாள். ஹாலில் எல்லோர் முன்னாலும் வைத்தோம். அந்த ஒயரின் ஒரு முனையைக் கிடாரில் சொருகினேன். இன்னொரு முனை ஆம்ப்ளிஃபையரில் போய் டக்கென்று உட்கார்ந்தது. அந்த டக்கில் எனக்கு மானமே போனது. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. பெட்டியில் வரிசையாகத் திருகுகள் இருந்தன. ஒன்று சத்தத்துக்கு என்று தெரியும். எது என்று தெரியாது. கொசு முனகல் ஞாபகத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் கடைசிவரை திருகினேன். "அப்பா, இரு" என்று நித்யா எழுந்தாள்.

ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

அதை இசை என்று நான் சொல்ல மாட்டேன். லாரி ஒன்று இரும்புக் கடைக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே சுற்றிய மாதிரி இருந்தது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. ரெண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். நான் கம்பியை விட்ட பிறகும் பெட்டி ஊளையிடுவதை நிறுத்தவில்லை. நித்யா பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினாள்.

அப்போதுதான் கவனித்தேன். தெரு அமைதியாக இருந்தது. பகல் முழுக்க நிற்காத பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றிருந்தது. சம்பந்தம் கையில் ஸ்பேனரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என் மோட்டார்தான் பூட்சின்னு நெனச்சி மிஷின நிறுத்திட்டேங்க. இங்க இன்னா உடைஞ்சிது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தம் கிடாரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் கடகட மறுபடி ஆரம்பித்தது.

தனசேகர் எழுந்து வந்தார். செகண்ட்ஸ் அடுக்கில் கையை விட்டு, அடியிலிருந்து அந்த அரக்குப் புடவையை உருவி என் மடியில் வைத்தார். சிரிக்கவில்லை.

"அதான் ஒயரு சொருகினா சத்தம் வருதுல்ல. இப்ப என் பொடவைய விரிச்சிப் பாருங்கண்ணே."

நானும் நித்யாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தோம். முந்தியிலிருந்து ரவிக்கைத் துணி வரைக்கும் பார்த்தேன். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கோடு தட்டிய இடத்தைத் தேடித் தேடித் தடவினேன். மடிப்பு விழுந்த தடம்தான். விரித்துக் கொஞ்ச நேரம் பிடித்ததில் அதுவும் போய்விட்டது. வெயில் பட்டதும் அந்த அரக்கு உள்ளேயிருந்து எரிகிற மாதிரி தெரிந்தது. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அந்த வருஷம் என் வீட்டுக்கு வந்ததில் அதுதான் நல்ல புடவை. வலது பக்கம் வைத்தேன். அது விற்பனைக்குப் போகவில்லை. மல்லிகா எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். முழு விலை போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தனசேகர் முன்னாலேயே என்னிடம் கண்டிஷனாகச் சொல்லிவிட்டும் போனாள்.

அதிலிருந்து என் வீட்டில் ஒவ்வொரு புடவையையும் முழுசாக விரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யாரும் கேட்பதில்லை. மடிப்போடு கையை விட்டால் ஹாலில் ஒருத்தர் தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை, இப்போது பொழுது சாய்கிறது. தோள்பட்டை வலிக்கிறது. மிக்ஸி ஓடவில்லை என்றால் மல்லிகா மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "ஒயரு சொருகிகீதான்னு பாருங்க" என்கிறாள். நித்யாவைப் பெண் பார்க்க வந்த பையன், காபியைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்டது பெண்ணைப் பற்றி இல்லை, "அந்த ரவிக்கை ரிப்ளை நீங்கதானா மாமா?" என்றுதான். (கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்தப் பேச்சால்தான் நிச்சயமானது என்று அவர்கள் வீட்டில் சொல்கிறார்கள்.)

ரிவ்யூவை நான் எடுக்கவில்லை. பெட்டி மேலே கொட்டை எழுத்தில் போடாதவரை எடுக்கப்போவதும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை தனசேகர் ஒரு பச்சைப் புடவை கொண்டுவந்தார். விரித்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பிப் பிடித்தேன், குறை ஒன்றும் கிடைக்கவில்லை. வலது பக்கம் வைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் என்னப்பா என்றேன்.

"ஸ்டார் எத்தினின்னு சொல்லவே இல்லியேண்ணே."