நான் சீவி எடுத்த ஆராய்ச்சி

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். மார்த்தாண்டத்தில் என் லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் ஏறியபின், இறங்கி வந்து மறுபடி பூட்டை இழுத்துப் பார்ப்பேன் (இரண்டு தடவை). பயந்தே ஆகவேண்டிய ஒரு நாளில்தான் தப்பான விஷயத்துக்குப் பயந்து தொலைத்தேன்.

மச்சினன் ஜெபசிங் உருக்கைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். வளைந்து வளைந்து சுழலும் கம்பி ஒருநாள் களைத்து ஒடிந்துவிடுமாம். மேல்தோலில் லேசர் பாய்ச்சினால் அது இறுகி ஆயுசு கூடுமாம். (ஒன்பதாம் வகுப்போடு நின்ற மண்டையில் அவ்வளவுதான் ஏறியது.) அவன் கல்யாணமும் அதில்தான் தொங்கியது. கார்டில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ அச்சடிக்க வழியில்லாமல் தேதி குறிக்கமாட்டோம் என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

லேசர் பட்ட ஆறு கம்பிகளைப் பொட்டலமாகக் கொண்டுவந்தான்.

“அத்தான், காலேஜ்ல டெஸ்ட் மெஷின்ல பிடிக்கதுக்குத் தோதா ரெண்டு முனையையும் கடைஞ்சு தரணும். முனை மட்டும் போதும்.”

கடைந்து முடித்த பிறகுதான் கவனித்தேன், நடுவில் மீன் செதில் போலக் கறுத்த வரிகள். என் லேத்தில்தான் கருகிவிட்டது! (லேசர் பட்டால் பளபளக்கும் என்பது என் சொந்த ஆராய்ச்சி.) ஒருவரிடமும் சொல்லாமல் மேல்தோலைச் சீவினேன். உளிமுனை இரண்டு தடவை ஒடிந்தது. ‘தொடாதே’ என்று உருக்கே கெஞ்சியிருக்கிறது. நானோ, ‘மட்டச் சரக்கு’ என்று அதைத் திட்டிக்கொண்டே சீவினேன். ஆறும் குத்துவிளக்குத் தண்டு போல மின்னின.

சோதனை நாளில் பொட்டலத்தை நானே கல்லூரிக்குத் தூக்கிப் போனேன். மருமகனின் சாதனையைப் பார்க்கப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். ஜெபசிங் பொட்டலத்தைப் பிரித்தான். கம்பியிலிருந்து போன கறுப்பு முழுவதும் அவன் முகத்தில் ஏறியது.

“அத்தான், நடுவுல கறுப்பு வரி கெடந்துதே, எங்க?”

“நான்தான் மக்கா சீவிட்டேன். பாக்க ஒரு மாதிரி இருந்துது.”

“அதுதான் அத்தான் எனக்க ஆராய்ச்சி!”

பேராசிரியர் கம்பியைத் தடவிப் பார்த்தார். “நல்ல ஃபினிஷிங்,” என்றார். (என் தொழிலுக்குப் படித்தவர் ஒருவர் தந்த ஒரே பாராட்டு.)

பெண்ணின் அப்பா மெல்லக் கேட்டார். “அப்போ கார்டு?”

கார்டு ஒரு வருஷம் தள்ளிப்போனது. புதுக் கம்பிகள் வேறு பட்டறைக்குப் போயின. ஒருவழியாக ‘டாக்டர்’ தங்க எழுத்தில் வந்து கல்யாணமும் நடந்தது.

போன மாதம் அவர்களுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஆசையாகக் கையை நீட்டினேன். மாமியார் துணியை இழுத்து மூடினார்.

“பிள்ளைக்க முதுகுல ஒரு கறுத்த மச்சம் கெடக்கு மாப்பிள. அது அங்கயே கெடக்கட்டு.”