சிவஞானம் முதலாளி சோடித்த வழக்கு

ஊருக்கு ஊர் இவரைப் பார்க்கலாம். சட்டப் பரீட்சை எழுதாதவர், கறுப்புக் கோட்டு மாட்டாதவர், ஆனால் யாருக்கோ வழக்கு என்று காதில் விழுந்ததும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சுற்றுப் பருத்துவிடுகிறவர். வழக்குக்காரருக்கு நடந்தது தெரியும், வழக்காடும் பிரக்டருக்குச் சட்டம் தெரியும். இவருக்கோ நீதவானின் உள்மனமே தெரியும். கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

பதுளைக் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த சிவஞானம் முதலாளி இந்த இனத்தில் முதல் தரம். ஒருமுறை தம் கடையில் சீத்தைத் துணி திருடியவனுக்கு எதிராகக் கூண்டேறி, தம் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி இறங்கியவர். படிப்பு அவ்வளவுதான்.

துரைக்கு அறிவிக்காமல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போனாலே தொழிலாளியை மறியலில் அடைத்துவிடும் காலம் அது. பசறைப் பக்கத்துத் தோட்டத்துக் கருப்பம்மாவுக்கு, கொஸ்லந்தையில் தங்கை பிள்ளை பெற்றுக் கிடையாய்க் கிடக்கிறாள் என்று ஆள் வந்தது. கங்காணி லிங்கத்திடம் கேட்டுக்கொண்டுதான் போனாள். கங்காணி அதைத் துரையிடம் சொல்ல மறந்தார். துரை வழக்குப் போட்டார்.

அவளுடைய பிரக்டர் ஜெயராசா ஆயத்தத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார்: நான்தான் அனுப்பினேன் என்று கங்காணி சொல்வார், நீ நடந்ததை நடந்தபடி சொல், போதும். நிம்மதியோடு வெளியே வந்தவள் மழைக்குப் பக்கத்துப் புடவைக்கடையில் ஒதுங்கினாள். அதுதான் வினை. விசாரித்துத் தெரிந்துகொண்ட முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

“தங்கச்சி பிரசவமா? அதெல்லாம் கோர்ட்டுல எடுபடாது புள்ள. தாய் செத்துப்போச்சுன்னு சொல்லு.”

“ஆத்தா உசுரோட இருக்குங்களே மொதலாளி.”

“அது கோர்ட்டுக்குத் தெரியுமா?”

பிறகு ஒத்திகை. துணிக்கட்டுகளுக்கு நடுவே அவரே நீதவானாகி அதட்டினார், அவரே எதிர்த்தரப்பாகி மடக்கினார், எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும், எந்த இடத்தில் முந்தானை கண்ணுக்குப் போக வேண்டும் என்று அவரே அழுதும் காட்டினார். கருப்பம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் பிரக்டர் ஒரே மூச்சில் பேசி அனுப்பிவிட்டார். இந்த மனிதரோ வியாபாரத்தையும் விட்டுவிட்டுத் தனக்காக வியர்த்து வழிகிறாரே! யார் அதிகம் பாடுபடுகிறாரோ அவரை நம்புவதுதானே மனித சுபாவம்?

வழக்கன்று கருப்பம்மாவின் தாய் பூவம்மா, பால்குடி மறக்காத பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோர்ட்டின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஏறிய கருப்பம்மா, சொல்லிக்கொடுத்தபடியே, தாய் இறந்த சேதி கேட்டுத்தான் போனேன் என்றாள். பிரக்டரின் முகம் வெளுத்தது. தாயின் பெயர் என்ன என்று நீதவான் கேட்டார். அவள் சொன்னது சரியாகக் கேட்காததால் மொழிபெயர்க்கும் துபாசி அதை உரக்கத் திருப்பிக் கேட்டார்: “பூவம்மாவா?”

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லியே பழகியவள் பூவம்மா. பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

“இருக்கேன் சாமி.”

கோர்ட்டு சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை. அடுத்து கங்காணி வந்து உண்மையைத்தான் சொன்னார். அதற்குள் உண்மையும் பொய்போலவே ஒலித்தது. ஒரு மாத மறியல். கருப்பம்மாவைக் கூட்டிப்போகையில் பிள்ளை பாலுக்குக் கத்தியது. பால் கட்டி நெஞ்சு வலிக்க, அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தான் செய்த பிழை என்னவென்று பூவம்மாவுக்கு விளங்கவேயில்லை.

முதலாளிக்கு விளங்கிவிட்டது. வழக்கு அருமையாகச் சோடிக்கப்பட்டிருந்ததென்றும், இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்து மாளாதென்றும் வருகிறவர்களுக்கெல்லாம் துணியை முழம் போட்டுக்கொண்டே விளக்கினார். “கெழவிய யாரு கூட்டிட்டு வரச் சொன்னது?” என்றார். அடுத்த வாரம் ஒரு காணி வழக்குக்காரர் மழைக்கு ஒதுங்கினார்.

நீங்கள் இந்த இனம் இல்லை; நல்லது. ஆனால் பூவம்மா எழுந்து நின்ற அந்தக் கணத்தில், ‘தாய் என்றதற்குப் பதில் மாமியார் என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பாளே’ என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து வழக்கு உள்ள வீட்டுப் பக்கம் போய்விடாதீர்கள்.