நாரைகளை விவாகரத்து செய்தேன்

ஒரு மனிதன் எவ்வளவு தோல்வியைத்தான் தாங்குவான்? நான் தாங்கியாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினேன். அதில் எங்கள் ஊர் அணியின் நாரைப் படம் போட்டிருக்கும். நேரே சமையலறைக்குப் போய், குப்பைத் தொட்டியில் அதைப் போட்டு மூடினேன்.

"இர்மா! இன்னையோட சரி. எனக்கும் நாரைகளுக்கும் இனிமே எந்த உறவும் கிடையாது. விவாகரத்து!"

என் மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"தொட்டியில முட்டை ஓடு கிடக்கு. திரும்ப எடுத்து மாட்டிக்கும்போது தலை நாறும்."

"திரும்ப எடுக்கவே மாட்டேன்!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னே. காபி குடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டே."

"போன வருஷம் கோபத்துல சொன்னேன். இந்த வருஷம் யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிச்சியா? அப்பறம் ஏன் முகம் இப்படி வேர்க்குது?"

எங்கள் அணியைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் சின்ன ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி என்று ஒன்று உண்டு. பெயர் நாரைகள். பொருத்தமான பெயர். நாரை தண்ணீரில் அசையாமல் நிற்கும். எங்கள் நாரைகள் பந்து காலடியில் வந்து விழுந்தாலும் அசையாமல் நிற்பார்கள். பேஸ்பாலில் பந்தை அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். அந்த இடத்துக்கு 'வீடு' என்று பெயர். எங்கள் ஆட்கள் மூன்றாவது மூலை வரைக்கும் வருவார்கள். வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று அங்கே நின்று யோசிப்பார்கள். கல்யாணமானவன் என்ற முறையில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்களுக்கு இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களே!

அணிக்கு முதலாளி கார்ல்டன் ஃபிப்ஸ். மெத்தை கம்பெனி வைத்திருக்கிறார். ஆட்டக்காரர்கள் ஏன் தூங்குகிறார்கள் என்று இனி நீங்கள் கேட்கமாட்டீர்கள். மேனேஜர் ரட்லெட்ஜ் என்று ஒருவர். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் டிவியில் வந்து, "அணியை மறுபடி கட்டிக்கிட்டிருக்கோம்" என்பார். ஒன்பது வருஷமாகக் கட்டுகிறார். ஒரு செங்கல்கூட ஒட்டவில்லை.

இதை நான் இர்மாவிடம் சொன்னபோது அவள் கொல்லைப்புறத்தைக் காட்டினாள்.

"அந்தப் படிக்கட்டையும் ஒன்பது வருஷமா ஒருத்தர் மறுபடி கட்டிக்கிட்டிருக்கார். அவரை யாரு வேலையை விட்டுத் தூக்கறது?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை அது.

"சரி, அந்த சீட்டு ரெண்டும்?" என்றாள் இர்மா.

வருஷம் முழுவதற்கும் எங்கள் பெயரில் எடுத்த இரண்டு இருக்கைகளைத்தான் கேட்டாள். 'வீட்டு'க்கு நேர் பின்னால், கூரைக்கு அடியில், ஏரிக்காற்று முகத்தில் வீசும் இடம். பீர் விற்பவனே நம்மைத் தேடி வருவான். அப்படியொரு இடத்தில் உட்கார்ந்து அழுவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"யாருக்காவது கொடு. தெருவுல போறவங்களுக்குக் கொடு. அடுப்புல போடு."

"நான் என்ன வேணா பண்ணலாமா?"

"என்ன வேணா பண்ணு! என் காதுல மட்டும் போடாதே."

"சரி," என்று சொல்லிவிட்டு இர்மா மறுபடி கிழங்கு சீவ ஆரம்பித்தாள். அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பேஸ்பால் இல்லாத சனிக்கிழமை எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் சனிக்கிழமை திரைச்சீலைக் கடைக்குப் போனோம். பச்சைக்கும் இளம்பச்சைக்கும் நடுவில் ஒரு பச்சை இருக்கிறதாம். அதைத் தேடிப் பொழுது சாய்ந்தது. அடுத்த சனிக்கிழமை இர்மாவின் அக்கா ஹெடி வீட்டுக்குப் போனோம். ஹெடி தன் பித்தப்பையை எடுத்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். எடுத்தது பையை மட்டும்தான், கதையை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை கார் ஷெட்டில் காருக்குள் உட்கார்ந்து, ஜன்னலை ஏற்றிவிட்டு, ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இர்மாவின் முகம் வந்தது.

"உள்ளே என்ன பண்றே?"

"ஹார்ன் வேலை செய்யுதான்னு பார்க்கிறேன்."

"செய்யுதா?"

அடித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்கு. ஹார்ன் அடிச்சா உள்ளேயிருந்து யாரோ 'நாரைகள் அவுட்'னு சொல்றாங்களே, அதுவும் சேர்ந்தே வருமா?"

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்த ஓர்வில்லிடம் என் வேதனையைச் சொன்னேன். ஓர்வில் எனக்கு முப்பது வருஷப் பக்கத்து வீட்டுக்காரன். என்னைப் போலவே நாரைகளால் அழிந்தவன்.

"யோவ் லெஸ்டர், இதுக்குப் போயி அழறியே! மைதானத்துல மேல் மாடத்துக்கு வா. அங்கே ஒரு கூட்டம் இருக்கு. எல்லாரும் தலையில மளிகைக் கடை காகிதப் பையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஒண்ணு."

"எதுக்கு?"

"இந்த அணியோட ரசிகன்னு வெளியே முகம் காட்ட முடியலையே! எதிர்ப்புய்யா, எதிர்ப்பு. உன் வீட்டம்மாவுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. வாய் விட்டுத் திட்டலாம்."

வாய் விட்டுத் திட்டலாம்! முப்பத்தோரு வருஷம் கல்யாணமான ஒருவன் காதில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். யாரும் சந்தேகப்படாத காரணம். அன்று சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன்.

"இர்மா, நம்ம மாதா கோயில் பாடகர் குழுவுல ஆள் பத்தலையாம். சனிக்கிழமை மத்தியானம் பயிற்சி. நான் சேரலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த முள்கரண்டி பாதியில் நின்றது.

"நீயா? பாடவா?"

"ஏன், என் குரலுக்கு என்ன?"

"நீ குளிக்கும்போது பாடினா ஓர்வில்லோட நாய் ஊளையிடுது. கூடப் பாடுதுன்னு நினைச்சியா?"

"கட்டைக் குரல்தான் வேணுமாம்."

இர்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம், லெஸ். கடவுளுக்குப் பொறுமை ஜாஸ்தி. போயிட்டு வா."

சனிக்கிழமை அவளே பாட்டுப் புத்தகத்தைத் தேடிக் கொடுத்தாள். தொண்டைக்கு இதமாக இருமல் மிட்டாயும் கொடுத்து, வாசல் வரை வந்து கையசைத்தாள். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். சரியாகிவிட்டது.

மேல் மாடத்தில் கூரை கிடையாது. சூரியனுக்கும் எங்களுக்கும் நடுவில் காகிதப் பை ஒன்றுதான். அதனால் என்ன? ஐம்பது பைகளுக்கு நடுவில் என் பையும் ஒன்று. வாய் ஓட்டை வழியாக ஹாட் டாக் சாப்பிடப் பார்த்தேன். பாதி வாய்க்குப் போனது, பாதி பைக்குப் போனது. முதல் இன்னிங்ஸிலேயே உயரப் போன ஒரு பந்துக்குக் கீழே எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். 'நீங்க பிடிங்க', 'இல்லை, நீங்க பிடிங்க' என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மரியாதை தெரிந்த பையன்கள். பந்து நடுவில் விழுந்தது.

நான் எழுந்துவிட்டேன்.

"டேய்! பந்தைப் பிடிக்கச் சொன்னா காக்கா பிடிக்கிறீங்களேடா!"

மாடம் முழுவதும் சிரித்தது. பொண்டாட்டிக்கு முன்னால் வெளியே வராத வார்த்தைகள் எல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தன.

"மட்டையைக் கொடுத்தது ஈ ஓட்டறதுக்காடா? ரட்லெட்ஜ்! ஒன்பது வருஷமா என்னய்யா கட்டறே, கல்லறையா? மெத்தைக்காரரே! அணியை வித்துட்டுப் போய்ப் படுங்க!"

கடைசி வாக்கியம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. "வித்துட்டுப் படு! வித்துட்டுப் படு!" என்று ஐம்பது பைகளும் சேர்ந்து கத்தின. பிறகு பை இல்லாதவர்களும் கத்தினார்கள். ஓர்வில் என் முதுகில் தட்டினான். "யோவ், நீ பிறவித் தலைவன்யா!" என்றான். என் வாழ்க்கையில் ஒரு கூட்டம் என் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தது. இடைவேளையில் மைதானத்தின் பெரிய திரையில், 'இன்றைய விசுவாச ரசிகர்' என்று எழுத்து ஓடியது. ஓர் இளைஞன் மைக்கோடு 'வீட்டு'க்குப் பின்னால் இருக்கிற நிழல் இருக்கைகளுக்கு நடந்தான். ஒரு அம்மாள் முன்னால் போய் நின்றான். அவள் தலையில் நாரைத் தொப்பி. பக்கத்தில் ஹெடி. அவள் கையில் பீர்.

"யோவ் லெஸ்டர்," ஓர்வில்லின் பை என் பக்கம் திரும்பியது. "அது உன் வீட்டம்மா மாதிரி இருக்கே?"

மாதிரி இல்லை. அதேதான். என் இருக்கையில், என் நிழலில், என் தொப்பியோடு! முட்டை ஓட்டையெல்லாம் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள்.

"அம்மா, அணி தோத்துக்கிட்டே இருக்கே, எப்படிப் பொறுத்துக்கறீங்க?" என்று கேட்டான் இளைஞன்.

"எனக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆச்சுப்பா," என்றாள் இர்மா. "பழகிடுச்சு."

மைதானமே அதிர்ந்து சிரித்தது. என் பக்கத்துப் பை விழுந்து விழுந்து சிரித்தது.

"உங்க கணவர் வரலையா?"

"இல்லைப்பா. அவர் பேஸ்பாலை விட்டுட்டார். இப்பக் கோயில்ல பாடிக்கிட்டிருக்கார். பெரிய பக்திமான்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"அவர் பாட்டைக் கேக்காம இங்கே வந்துட்டீங்களே, வருத்தமா இல்லையா?"

"யார் சொன்னா கேக்கலைன்னு?" இர்மா ஒரு விரலை உயர்த்தினாள். "அவர் குரல் மேலேயிருந்து எனக்கு நல்லாவே கேக்குது."

சொர்க்கத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிலர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்கள். அவள் விரல் காட்டிய இடம் சொர்க்கம் இல்லை. மேல் மாடம், நாலாவது வரிசை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

'அது என் சீட்டு!' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் பையைக் கழற்ற வேண்டும். பையைக் கழற்றினால் பாட்டு என்னாவது? பையோடு உட்கார்ந்து வெந்தேன்.

ஆட்டம் முடியுமுன்னே ஓடிவந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். இர்மா நிதானமாக வந்தாள். தலையில் தொப்பி இல்லை.

"எங்கே போயிருந்தே?" என்று முதலில் நான் கேட்டேன். முந்திக்கொண்டால் நல்லது என்று ஒரு கணக்கு.

"ஹெடியோட வெளியே. நிழல்ல உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தோம். பாட்டு எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"கோயில்ல கூரையைப் பிரிச்சுட்டாங்களா?"

"ஏன்?"

"உன் கண்ணைச் சுத்தி ரெண்டு வட்டம் சிவப்பா வெந்திருக்கு. வாயைச் சுத்தி ஒண்ணு. மத்த இடமெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்கு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பயந்த ஆந்தை என்னைப் பார்த்தது.

"கலர் கண்ணாடி ஜன்னல் பக்கத்துல நின்னேன். அந்த வெளிச்சம் அப்படி..."

"இருக்கும், இருக்கும்," என்று சொல்லி, அவள் என் கன்னத்தில் ஒட்டியிருந்த கடுகு சாஸை விரலால் எடுத்துத் துடைத்தாள். "ஃபாதர் பாஸ்கலுக்கு நன்றி சொல்லணும்னு போன் பண்ணினேன். பாவம், நீ சேர்ந்ததே அவருக்குத் தெரியலை."

எனக்கு இருமல் வந்தது.

"ஆனா சந்தோஷப்பட்டார் பாரு! கட்டைக் குரல்ல பாடறவர் ஃப்ளோரிடாவுக்குக் குடி போயிட்டாராம். அடுத்த சனிக்கிழமையிலேயிருந்து கண்டிப்பா வருவேன்னு உன் சார்பா நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"சனிக்கிழமையா? சனிக்கிழமை மேட்ச்..."

"எந்த மேட்ச்?"

வாயைத் திறந்தேன். வாயைச் சுற்றி எரிந்தது. மூடிக்கொண்டேன்.

அப்படியாக நான் பாடகனானேன். என் வலப்பக்கம் நின்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர், நான் வாய் திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நாரைகள் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் முதல் பாட்டைப் பாடிய அன்று ஜெயித்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓடினார்கள், வீட்டுக்குக்கூடத் திரும்பினார்கள். ரட்லெட்ஜ் டிவியில் சிரித்தார். மேல் மாடத்தில் பைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வழக்கம்போல, உதை வாங்கினார்கள்.

இத்தனை வருஷம் தோல்வியை மட்டும் பார்த்தவன் நான். வெற்றி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டாமா? வெட்கத்தை விட்டேன். பை, ஓட்டை, ஓர்வில், எல்லாவற்றையும் இர்மாவிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியுமே," என்றாள் அவள்.

"ஒரே ஒரு சனிக்கிழமை, இர்மா. ஹெடி சீட்டுல உட்கார்ந்துக்கறேன். மூச்சு விடமாட்டேன்."

அவளுக்கு மனசு இளகியது. என் தலையைக் கோதிவிட்டாள்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை, லெஸ். ஆனா நீ பாடப் போனதுலேயிருந்துதான் டீம் ஜெயிக்குதுன்னு அங்கே எல்லாரும் நம்பறாங்க. எங்க வரிசைக்காரங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

அந்தச் சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் வீட்டு வாசலிலேயே காத்திருந்தேன். ஆட்டம் முடிந்து இர்மா வந்தாள். அன்றும் வெற்றி.

"கேட்டியா?"

"கேட்டேன். எங்க வரிசை மட்டுமில்லை, ஓர்வில் வந்து மேல் மாடத்துக்காரங்க சார்பாவும் பேசினான். எல்லாரும் ஒரே மனசா முடிவு பண்ணினாங்க."

"என்னன்னு?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானமும் ஒரு பயிற்சி வெக்க முடியுமான்னு ஃபாதரைக் கேக்கச் சொன்னாங்க."