தண்ணீர் போகும் பக்கம் நீட்டிய மேடை

கொக்குவெட்டை ரயில் தரிப்பிடத்தடி,
கிளிநொச்சி.
வெள்ளி, மத்தியானம்.

அன்புள்ள மருமகன் நிருஷனுக்கு,

இங்கு நானும் உமது மாமி விமலேஸ்வரியும் மூன்று மாடுகளும் சுகம். அங்கு ரொறன்ரோவில் நீரும் நீர் பார்க்கிற ரயில்களும் குறையில்லாமல் ஓட நாகதம்பிரான் துணை நிற்கட்டும்.

ரயில் மேடைகளைத் திட்டமிடுவது பற்றி நீர் அனுப்பிய விளக்கத்தை, ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில், செயலாளர் என்ற முறையில் நானே வாசித்தேன். முதலில் ஆட்களை எண்ணி, பிறகு கதவுகளை எண்ணி, ஒரு கதவால் ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து, அதன்படி ரயிலுக்கு எத்தனை பெட்டி, மேடைக்கு எவ்வளவு நீளம் என்று தீர்மானிப்பார்கள் என்று கேட்டதும் கூட்டம் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னது. கதவு எண்ணுவதற்கும் ஒரு பல்கலைக்கழகப் படிப்பு இருக்கிறதென்றால் மனிதன் எவ்வளவு பெரியவன் என்று எனக்கு அன்று முழுக்க வேறு யோசனையே இல்லை.

எங்கள் கதை இதுதான். தெற்கே வவுனியாவுக்குப் போகிற காலை ரயிலுக்கு எட்டுப் பெட்டி, எங்கள் மேடையோ மூன்று பெட்டிக்குத்தான் காணும், பின் ஐந்து பெட்டியும் வயலுக்கு நேரே நிற்கும், சேலையோடு யார் அந்த உயரத்துக்கு ஏறுவது, தினமும் வேலைக்குப் போகிற நாற்பது பேரும் முன் பெட்டிகளில் முட்டிமோத நிற்கிற ஒரு நிமிடமும் போய்விடும். வவுனியாவில் தாதியாக வேலை பார்க்கும் உமது மச்சாள் தயாளினி இந்த மாதம் மட்டும் மூன்று தரம் ஏற முடியாமல் நின்றுவிட்டாள். இன்னொரு தரம் பிந்தினால் வவுனியாவிலேயே அறை எடுத்துத் தங்கட்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரே பிள்ளை. அவள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆகவே நாமே மேடையை நீட்டுவதென்று முடிவானது. அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வருமுன் மண் வந்துவிட்டது. எந்தப் பக்கம் நீட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது, முப்பது வருடம் வாய்க்கால் வெட்டிய எங்கள் தலைவர் பொன்னையா எழுந்து, "வாய்க்காலை நீட்டுறதெண்டா தண்ணி போற பக்கம்தானே நீட்டுறது? எட்டுப் பெட்டிக் கோச்சி வவுனியாப் பக்கம் போகுது. அங்கால நீட்டுவம்" என்றார். அதற்கு மறுப்பேது. இரண்டு உழவு இயந்திரம், அறுபது பேர், இரண்டே நாள். குளக்கட்டு மாதிரி ஒரு மேடை எழும்பி நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. உமது கணக்குப்படி ஐந்து பெட்டிக்குப் பத்துக் கதவு, கதவுக்கு நாலு பேர் என்று சுண்ணாம்புக் கோடும் நானே போட்டேன்.

இன்று காலை நாற்பது பேரும் கோட்டில் நின்றார்கள். ரயில் வந்தது. எட்டுப் பெட்டியும் வளைவில் திரும்பி வருகிற அழகை இத்தனை வருடத்தில் இன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வந்தது, வழக்கம்போலப் பழைய மேடையின் முடிவில், எஞ்சின் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டும் குறிப்பலகைக்கு நேரே எஞ்சினை வைத்துக்கொண்டு நின்றது. எங்களுக்கு முன்னால் வெறும் தண்டவாளம். பின் ஐந்து பெட்டியும் வழக்கம்போல வயலுக்கு நேரே.

சாரதி தலையை நீட்டி, "என்ன, எல்லாரும் எஞ்சினை வழியனுப்பவோ வந்தனீங்கள்?" என்றார்.

"கொஞ்சம் முன்னால எடுங்கோ தம்பி" என்றேன்.

"பலகைக்கு அங்கால நிப்பாட்ட எனக்கு ஓடர் இல்லை ஐயா."

நாற்பது பேரும் பின்பக்கம் ஓடிய ஓட்டத்தை எழுத இந்தத் தாள் காணாது. தயாளினி கடைசி ஆளாகத் தொற்றினாள். அவளுடைய சாப்பாட்டுப் பார்சல் இரண்டாம் கோட்டிலேயே கிடந்தது. பொன்னையா அந்தப் பார்சலை எடுத்து மண்ணைத் தட்டியபடி, "தண்ணியெண்டா இப்பிடிச் செய்யாது" என்றார்.

ஆகையால் நீர் உடனே உமது பட்டங்கள் எல்லாவற்றையும் பெயருக்குப் பின்னால் போட்டு, அந்தக் குறிப்பலகையை ஐந்து பெட்டி தூரம் தெற்கே நகர்த்தும்படி ரயில் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். என் பிள்ளை வீட்டில் இருப்பதும் இல்லாததும் அந்தப் பலகையில் நிற்கிறது.

மாமி உம்மை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா. நீர் எண்ணுகிற கதவெல்லாம் உமக்கு நல்லதுக்கே திறக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா,
வே. தில்லைநாதன்

பி.கு.: தபாலில் போடுமுன் பின்னேர ரயில் வந்துவிட்டது. வடக்கே போகிற ரயிலுக்கு எஞ்சின் பழைய மேடையின் வடக்கு முனையில் நிற்குமாம். வால் முழுக்க எங்கள் புது மேடையில். "அப்பா, ஏழாம் பெட்டியால குதிக்காமல் இறங்கினன்" என்று வந்த தயாளினியின் கையில் இடமாற்றக் கடிதம். வருகிற மாதம் முதல் கிளிநொச்சி நகர ஆஸ்பத்திரியில் வேலை. காலையிலும் இனி அவள் வடக்கேதான் போவாள், வீட்டிலிருந்தே போவாள். ஆகையால் மேலிடத்துக்குக் கடிதம் வேண்டாம், பலகையை யாரும் தொடவேண்டாம். தண்ணீர் எங்கே போகும் என்று தனக்கு முதலே தெரியும் என்று பொன்னையா சொல்லித் திரிகிறார். இன்னும் வவுனியாவுக்கே போகிற மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் செயலாளர் என்ன சொல்வது என்று மட்டும் கணக்குப் பார்த்து உடனே எழுதும்.