நாலும் நூற்றிருபதும் ஒட்டிக்கொண்டன

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. உங்கள் அத்தையும் நானும் நலம். மகளும் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நம் பழைய வாடிக்கைக்காரரான மேஸ்திரியின் கட்டடத்துக்கு நூற்றிருபது கதவுக் கீல் போக வேண்டிய இடத்தில், நம் கடையிலிருந்து மூவாயிரத்து அறுநூறு கீல் போய் இறங்கிவிட்டது. கிடங்கில் இருந்ததே அவ்வளவுதான். மீதி ஐந்நூற்றிருபதை நாளை அனுப்புகிறோம் என்று சீட்டு வேறு போயிருக்கிறது. இதற்குக் காரணம் நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த லேப்டாப்பும், நீங்கள் சொல்லிக் கொடுத்து நானே என் கையால் எழுதிய புரோகிராமும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்கும். அதனால் கடிதம்.

நான் நடைபாதையில் சாக்கு விரித்து ஆணி விற்று மேலே வந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷமாகச் சாமான் பட்டியலை என் கையால்தான் எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று உங்கள் மனைவி சொன்னாள், "மாமா, ஒரு சின்ன புரோகிராம் எழுதிடுங்க, பொருள், அளவு, எண்ணிக்கைன்னு மூணு பத்தி, நூல் பிடிச்ச மாதிரி வரும்" என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் ஆசைப்பட்டேன். முதல் நாள் ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டியே எல்லாவற்றையும் நேராக நிறுத்தினேன். மறுநாள் ஆணி இருந்த இடத்தில் தாழ்ப்பாள் வந்தது, அத்தனையும் சரிந்தது. உங்களைக் கூப்பிட்டேன். "அப்படித் தட்டக் கூடாது மாமா. பெயருக்கு இருபது இடம் ஒதுக்கிடுங்க. பெயர் சின்னதா இருந்தா மிச்சத்தை அதுவே வெறும் இடமா நிரப்பிக்கும்" என்றீர்கள். ஒதுக்கினேன். ரம்பப் பல் மாதிரி வந்தது. ஒரு வரி உள்ளே, ஒரு வரி வெளியே. திரும்பவும் உங்களைக் கூப்பிட்டேன், நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள், மூன்று தரம் கூப்பிட்ட பிறகு வெளியே வந்து பொறுமையாகத்தான் சொன்னீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்: கம்ப்யூட்டர் நம் எழுத்தை நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாதாம்.

மாப்பிள்ளை, திருகுக்கு எத்தனை எழுத்து? மூன்று. அது ஆறு என்கிறது. கீலுக்கு இரண்டு. அது நாலு என்கிறது. எழுத்து தனியாம், அதன் மேலே போட்ட கொக்கி தனியாம், தலையில் வைத்த புள்ளிகூடத் தனியாம். டப்பாவை விற்றுவிட்டு மூடிக்குத் தனியாகக் கணக்குச் சொல்கிறவன் என் தெருவில் ஒரு வாரம் கடை நடத்த முடியாது. "அப்போ பெயரை இங்கிலீஷ்ல போட்டுடுங்க" என்றீர்கள். நம் கிடங்குக்காரருக்கு இங்கிலீஷில் தன் பெயரைத் தவிர வேறொன்றும் படிக்க வராது.

சரி, எழுத்தோடு சண்டை போட்டது போதும், எண்ணாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று அந்தப் பக்கம் போனேன். இந்த இடத்தில் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். அளவுக்கு எட்டு இடம், எண்ணிக்கைக்கு எட்டு இடம் விடச் சொன்னது நீங்கள். எட்டு எதற்கு என்று தோன்றியது எனக்கு. கடையில் ஒரு சாண் சுவரைக்கூட நான் சும்மா விட்டதில்லை. வெறும் காற்றுக்கு எட்டு இடம் கொடுப்பேனா? அளவு இரண்டு இலக்கத்தைத் தாண்டாது, இரண்டு இடம் போதும். எண்ணிக்கைக்கு மூன்று. தாழ்ப்பாள், ஆறு அங்குலம், நாற்பது: நாற்பதின் இரண்டு இலக்கம் போக மிஞ்சிய ஓர் இடம் நடுவில் இடைவெளியாகத் தானாகவே வந்து நின்றது, நானும் நம்பிவிட்டேன். அடுத்த வரி கீல், நாலு அங்குலம், நூற்றிருபது. மூன்று இலக்கமும் மூன்று இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்து, பக்கத்திலிருந்த நாலோடு தோளுரசி, 4120 ஆகிவிட்டது. அதைத்தான் கிடங்குக்காரர் படித்தார்.

அவருக்குக் கடையில் 'சரிங்க' என்று பெயர். எதைச் சொன்னாலும் அதுதான் பதில். "ஏன்யா, நாப்பது கதவு வைக்கிற கட்டடத்துக்கு நாலாயிரம் கீலான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன்.

"உங்க கையெழுத்தா இருந்தா கேட்டிருப்பேன் முதலாளி. இது கம்ப்யூட்டர் போட்டதாச்சே, தப்பாவா இருக்கும்?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சாமான் இறங்கிய அரை மணி நேரத்தில் மேஸ்திரி போன் செய்தார். பெட்டிகளை வாசற்படியில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்களாம், கொத்தனார் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே போகிறாராம், பூச்சு காயாத சுவரில் பெட்டி சாய்ந்து அச்சு விழுந்திருக்கிறதாம். "முதலாளி, நான் வீட்டுக்குக் கதவு வைக்கிறேனா, கதவுக்கு வீடு கட்டறேனா?" என்று கேட்டார். நான் சிரித்துத் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "பத்தொம்பது வருஷம் உங்ககிட்டயே வாங்கிட்டேன். அடுத்த கட்டடம் இருநூறு கதவு. எதிர்க் கடையில ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

இருநூறு கதவு, மாப்பிள்ளை. இந்த வருஷம் கடை நிற்பதே அந்த வேலையை நம்பித்தான். எதிர்க் கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதும் நாலுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் ஒரு பசு மாடு போகலாம்.

நேற்று மீதிப் பொழுது முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. கண் வலிக்கிறது, முதுகு வலிக்கிறது, எந்த எழுத்துக்கு எத்தனை இடம் என்று கனவில்கூட விரல் மடக்குகிறேன். போதும். லேப்டாப்பை அது வந்த அதே பெட்டியில் வைத்து, சார்ஜரைச் சுற்றி, இந்தக் கடிதத்தை மேலே வைத்துப் பார்சலில் அனுப்புகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள். இனிமேல் கையெழுத்துதான். மகளிடம் சொல்லுங்கள், கோழி கிளறினாலும் எங்கே கிளறியது என்று தெரியும்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஒற்றுமையாக, ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: பெட்டியைத் திறந்து, லேப்டாப் எங்கே என்று பார்சல்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது இங்கேதான் இருக்கிறது. உள்ளே வருவது கடிதம் மட்டும். இன்று காலை பெட்டிக்கு டேப் ஒட்ட வந்த உங்கள் அத்தை கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாள். "இதுக்கா இத்தனை பக்கம்? பேரைக் கடைசியில போடுங்களேன். எண்ணெல்லாம் முன்னால நிக்கட்டும். பேரு எவ்வளவு நீண்டா என்ன, அதுக்குப் பின்னால யாரு நிக்கப் போறா?" என்றாள். நான் லேப்டாப்பை வெளியே எடுத்தேன். எண்ணிக்கை முதலில், அளவு அடுத்து, பெயர் கடைசி. நீங்கள் சொன்ன எட்டு இடத்தையும் விட்டேன். கொத்தனார் தூக்குக் குண்டு விட்ட மாதிரி நேராக வந்தது. அச்சடித்த தாள் கல்லாவில் கிடந்தபோது, கீலையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு மேஸ்திரியே சண்டைக்கு வந்துவிட்டார். திட்டிக்கொண்டே தாளை எடுத்தவர், பாதித் திட்டில் நின்றார். "என் ஆளுங்க சாமான் எடுக்கறப்ப 'எத்தனை'ன்னுதான் முதல்ல கேப்பானுங்க, என்னதுங்கறது கடைசியிலதான். இத்தனை வருஷத்துல எந்தக் கடைக்காரனுக்கும் இது தோணலியே" என்றார். எனக்குத் தோன்றியதாகவே விட்டுவிட்டேன். உங்கள் அத்தை உள்ளேதான் இருந்தாள். ஒரு மணி நேரம் பேசி முடித்தது இவ்வளவு: இருநூறு கதவுக்கும் கீல், தாழ்ப்பாள், திருகு அத்தனையும் நம் கடையில், இந்த வருஷ விலைதான், கட்டடம் முடியும்வரை ஏற்றக் கூடாது, லாரி வாடகையும் சுவர்ப் பூச்சும் என் பொறுப்பு, திங்கட்கிழமைதோறும் பட்டியல் நானே புரோகிராமில் போட்டுத் தர வேண்டும், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அதற்குத் தனிக் காசு கிடையாது.