கட்டைவிரல் டாக்டர்

ஆளைப் பார்த்ததும் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். உத்திரமேரூரில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த டாக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் கட்டைவிரல் டாக்டர். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே நர்ஸ்.

ஆபரேஷன் ஆனவரிடம் 'எப்படி இருக்கே' என்று கேட்க மாட்டார். போர்வையை விலக்கிக் கால் கட்டைவிரலைப் பிடித்துக் கண்ணை மூடிவிடுவார். விரல் சூடாக இருந்தால் ரத்தம் நன்றாக ஓடுகிறது. ஜில்லென்றிருந்தால் ஏற்றிய சலைன் தண்ணீர் போதவில்லை. அடுத்த கேள்வி, "மூத்திரம் போச்சா?" அது தெருவுக்கே கேட்கும்.

பழக்கம் ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்கு மயக்கம் வர, மாப்பிள்ளை மெட்டியோடு குனிவதற்குள் இவர் போய்க் காலைப் பிடித்துவிட்டார். டீக்கடையில் தலை சுற்றுகிறது என்ற திருப்புலிவனம் வாத்தியார், இவர் குனிந்ததும் தலையில் கைவைத்து, "தீர்க்காயுசா இருப்பா" என்று ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் வந்தாலும் விட மாட்டார். "வயித்தைக் கிழிச்சவனுக்கு எவ்ளோ தண்ணி ஏத்தணும்? ஒருத்தர் கொறைச்சு ஊத்துன்றார், ஒருத்தர் நெறைய ஊத்துன்றார். மொதல்ல இதைக் கண்டுபுடிங்க சார், மத்த ஆராய்ச்சியெல்லாம் அப்பறம்" என்பார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு நழுவிவிடுவார்கள். இவர் விரலுக்குத் திரும்பிவிடுவார்.

அந்த விரலே ஒருமுறை அவரை ஏமாற்றியது. மானாம்பதியிலிருந்து பொன்னம்மா என்ற கூலிக்காரப் பெண்ணைக் குடல் அடைப்போடு மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் வந்து தொடும்போதெல்லாம் விரல் ஐஸாக இருந்தது. நாடி பழுதில்லை, மூத்திரமும் தாராளம். "அதெல்லாம் சரி சிஸ்டர், கால் வேற சொல்லுதே" என்று பாட்டிலுக்கு மேல் பாட்டில் ஏற்றினார்.

சாயங்காலம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர் அதிகமானால் நுரையீரலில் தேங்கும். போதாவிட்டால் ரத்த ஓட்டம் படுத்துவிடும். இரண்டில் எது என்று தெரியாமல், அடுத்த பாட்டிலும் கையுமாக நாங்கள் வராந்தாவில் நின்றோம். கடைசியில் டாக்டர், "வா, ஏத்திடலாம்" என்றார். அவசரத்தில் செருப்பை அங்கேயே விட்டுவிட்டதால் நாங்கள் உள்ளே போன சத்தம் கேட்கவில்லை. புருஷன் முனுசாமி, பானைத் தண்ணீரில் துண்டை நனைத்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீறே?" என்றார் டாக்டர். அவருக்கு எங்கள் ஊர்ப் பேச்சு நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"சேத்துல நின்ன காலு டாக்டரய்யா. எங்க காலெல்லாம் யாரு தொடுவாங்க? நீங்க வந்து வந்து புடிக்கிறீங்க. அதான் உங்க செருப்பு சத்தம் கேக்குறப்பல்லாம் கயுவி வெக்கிறேன்."

டாக்டர் தன் நெற்றியில் அறைந்துகொண்டு, ஓடிக்கொண்டிருந்த சலைனை மூடினார். தரையில் உட்கார்ந்து தன் வெள்ளைக் கோட்டாலேயே அவள் பாதத்தைத் துடைத்து, விரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் விரல் சூடேற, அவர் முகம் தெளிந்தது.

"இனிமே சேத்தோட குடுய்யா. எனக்கு அதுதான் வேணும்" என்றார்.

மெல்ல மெல்ல மூச்சு சீரானது. பொன்னம்மா பிழைத்து, நடந்தே வீடு போனாள்.

பிறகு டாக்டருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்ப வந்த பொன்னம்மா குனிந்ததும், காலில் விழப்போகிறாள் என்று அவர் கூச்சத்தோடு பின்வாங்கினார். அவள் விடவில்லை. அவர் கட்டைவிரலைப் பிடித்து, அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெதுவெதுன்னு கீது டாக்டரய்யா. நல்லா ஓடுது" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தச் சூடு அவரைவிட்டு என்றைக்கும் போகக் கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன்.